திருமுக்கூடல் சாலையில் பாரம் இழுக்கும் டிராக்டர்கள்

நந்திமலைப் பக்கம் பிறந்து வருகிற பாலாறு, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிற செய்யாறு, காஞ்சிபுரத்தைத் தொட்டு வருகிற வேகவதி. இந்த மூன்றும் கலக்கும் இடம் என்பதால்தான் ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர். செங்கல்பட்டு - காஞ்சிபுரம் சாலையில் பழையசீவரத்தில் இறங்கி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தென்கரையில் ஊர். வருடத்தின் பெரும்பகுதி பாலத்துக்குக் கீழே மணலும் நாணலும்தான் தெரியும். ஆனால் 2021 நவம்பரில் கரை புரண்டு வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள், இந்த ஆற்றை வறண்ட ஆறு என்று சொல்லத் தயங்குவார்கள்.

ஆற்றோரத்தில் இருக்கிறது அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் இது. வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், இங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை இயங்கியதை இதன் கல்வெட்டு சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் என்ன வேலை, என்ன கூலி என்பதோடு, இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கல்வெட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்தால் சாலையில் வேறொரு காட்சி.

பாலத்திலிருந்து சாலவாக்கம் வழியாக உத்திரமேரூர் போகும் இந்தச் சாலையைச் சுற்றிப் பழவேரி, சிறுதாமூர், மதூர் என்று கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்திருக்கின்றன. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் இரவு பகல் பார்க்காமல் ஓடுகின்றன. அந்த லாரிகளுக்கு நடுவே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர், படாளம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு இழுத்துப் போகும் டிராக்டர், எரு அடிக்கும் டிராக்டர். கிரஷர் தூசி சாலையோர மரங்களின் இலையில் சாம்பல் பூசினாற்போல் படிந்திருக்கும். தை மாதத்தில் ஆற்றுப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறினால் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாலத்தின் மேல் முப்பது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. சம்பா அறுவடை நடப்பதும் கரும்பு வெட்டு நடப்பதும் அதே தை மாதம்தான்.

அந்த நேரத்தில் முன்னால் ஒரு டிரெய்லர் போகிறது, அதன் பின்னால் ஒரு சிவப்பு வெளிச்சமும் இல்லை என்றால், பின்னே பைக்கில் பால் கேன் கட்டிக்கொண்டு வருகிறவருக்கு என்ன தெரியும்? கரும்புத் தோகை முகத்தில் உரசும்போதுதான் தெரியும். தமிழ்நாட்டின் எந்தக் கரும்புப் பகுதியிலும் இப்படி ஒருவரைப் பறிகொடுத்த குடும்பம் இருக்கும். டிராக்டர்காரர் கெட்டவரில்லை. பின்விளக்கு எரியாததே அவருக்குத் தெரிந்திருக்காது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் டிரெய்லரின் முதுகு தெரிவதில்லை.

எர்த் எங்கே போகிறது?

டிராக்டரின் பின்பக்கம், ஹிட்சுக்குப் பக்கத்தில், மூடி போட்ட வட்டமான ஏழு துளை சாக்கெட் ஒன்று இருக்கும். டிரெய்லரிலிருந்து வரும் கேபிளின் முனையில் இருக்கும் ஏழு முள் பிளக்கை அதில் சொருக வேண்டும். இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், இடது பார்க் லைட், வலது பார்க் லைட், பிரேக் லைட், எர்த் என ஆறு வேலைக்கு ஆறு முள். ஏழாவது உபரி. உலகெங்கும் பரவலாக வழங்கும் அமைப்பில் மூன்றாம் எண் முள்தான் எர்த். ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் கையில் கிடைத்த நிற வயரைப் போட்டுக் கட்டிய டிரெய்லர்கள்தான் அதிகம். ஆகவே நிறத்தை நம்பக் கூடாது. 12 வோல்ட் சோதனை பல்பு ஒன்றை வைத்து முள் முள்ளாகப் பார்த்து, எந்த முள் எதற்கு என்று பெயின்டால் டிரெய்லர் ஏர்க்காலிலேயே எழுதி வைத்துவிட்டால் அடுத்த தடவை அரை நாள் மிச்சம்.

இந்த ஏழில் மற்ற எல்லாவற்றையும்விட அடிக்கடி கைவிடுவது எர்த்தான். பல டிரெய்லர்களில் எர்த்துக்குத் தனி வயரே கிடையாது. டிரெய்லர் இரும்பு, டிராக்டர் இரும்பு, நடுவில் ஹிட்ச் பின் இரும்பு, கரன்ட் திரும்பிப் போய்விடும் என்ற கணக்கு. வண்டி புதிதாக இருக்கும்போது இது வேலை செய்யும். ஹிட்சில் கிரீஸ் ஏறி, துரு ஏறி, கிரஷர் தூசியும் சேர்ந்தால் அந்த இடத்தில் கரன்ட் போவதே அதிர்ஷ்டம். குண்டு குழியில் பின் குலுங்கும்போது விளக்கு எரியும், அணையும், மறுபடி எரியும். "பல்பு லூசு" என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

எர்த் போனதை அறிய ஒரு அடையாளம் உண்டு. இடது இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் கூடவே சிமிட்டினால், பிரேக்கை மிதித்தால் விளக்குகள் பிரகாசமாவதற்குப் பதில் மங்கினால், குறை பல்பில் இல்லை. திரும்பிப் போக வழியில்லாத கரன்ட் பக்கத்து பல்பு வழியாகப் புகுந்து வெளியேறப் பார்க்கிறது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர் இழுத்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பிளக்கின் எர்த் முள்ளில் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அடுத்தது வயரின் தடிமன். வீட்டு டார்ச்சுக்குப் போடுகிற மாதிரி மெல்லிய வயரை இழுத்துவிட்டு, "விளக்கு எரியுதே" என்று திருப்தி அடைபவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பிரேக் பல்பும் 21 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர் இழுக்கும். டிராக்டர் சாக்கெட்டிலிருந்து டிரெய்லர் கடைசி வரை 8 மீட்டர் என்று வைத்தால், போக வர 16 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் இந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12க்குப் பதில் 10 வோல்ட் கிடைத்தால் இழை பல்பு தரும் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். அதே இடத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே. பனிமூட்டத்தில் இந்தப் பாதி வெளிச்சம்தான் வித்தியாசமே.

எல்இடி விளக்குக்கு மிகக் குறைந்த கரன்ட் போதும், அதிர்வையும் தாங்கும் என்பதால் இப்போது பலரும் அதற்கு மாறுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பழைய டிராக்டரில் எல்இடி இண்டிகேட்டர் போட்டால் அது படபடவென்று வேகமாகச் சிமிட்டலாம். பழைய பிளாஷர், பல்பு இழுக்கும் கரன்ட்டை வைத்து வேலை செய்கிறது. அதற்கேற்ற பிளாஷர் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரண பல்பு போட்ட வண்டியிலேயே வேகமாகச் சிமிட்டினால் எங்கோ ஒரு பல்பு போயிருக்கிறது என்று பொருள்.

எருவும் பொட்டாஷும் செய்யும் வேலை

விவசாய டிரெய்லருக்கு லாரிக்கு இல்லாத ஒரு எதிரி உண்டு. நாம் ஏற்றுகிற சரக்கே அது. மாட்டு எருவிலிருந்தும் கோழி எருவிலிருந்தும் கிளம்பும் அம்மோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு. மூட்டையிலிருந்து சிந்திய தூள் மழை ஈரத்தில் கரைந்து சாக்கெட்டுக்குள் இறங்கினால் சில வாரங்களில் முள்ளின் மேல் பச்சைக் களிம்பு ஏறிவிடும். பித்தளைக் குடத்தைப் புளி போடாமல் விட்டால் ஏறுமே, அதே களிம்புதான். களிம்பு வழியே கரன்ட் சரியாகப் போகாது. முள் சூடேறி, பிளாஸ்டிக் உருகி, கடைசியில் பிளக்கையே மாற்ற வேண்டி வரும்.

எரு அடித்த அன்றே டிரெய்லரைக் கழுவும்போது பிளக்கைத் துணியால் துடைத்து, காயவிட்டு, முள்ளின் மேல் லேசாக வாஸ்லின் தடவி வைப்பது ஐந்து நிமிட வேலை. களிம்பு ஏறியிருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்க்கலாம். நடுவில் பிளவுள்ள முள்ளாக இருந்தால் சிறிய கத்தி முனையால் பிளவைக் கொஞ்சம் விரித்துவிட்டால் சாக்கெட்டில் இறுக்கமாக உட்காரும். சாக்கெட்டின் மூடி ஸ்பிரிங் உடைந்து தொங்கினால் அன்றே மாற்ற வேண்டும். அந்த மூடி இல்லாத சாக்கெட் ஒரு மழைக்காலம் தாங்காது.

டிரெய்லரைக் கழற்றியதும் பிளக்கை எங்கே போடுகிறோம்? பெரும்பாலும் தரையில். சேற்றில் கிடக்கும், மாடு மிதிக்கும், ஆடு கடிக்கும். பழைய சாக்கெட் ஒன்றை வயர் இணைக்காமல் டிரெய்லர் ஏர்க்காலில் திருகி வைத்து, கழற்றிய பிளக்கை அதில் சொருகி வைக்கலாம். காசில்லாத யோசனை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

கேபிள் நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. வரப்போரம் வண்டியை முழுசாக ஒடிக்கும்போது இழுபடாத அளவுக்குத் தொய்வு வேண்டும். நேராகப் போகும்போது தரையில் உரசவும் கூடாது. ஸ்பிரிங் மாதிரி சுருண்ட கேபிள் இதற்கு வசதி. சேஸிஸ் துளை வழியாக வயர் நுழையும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போட்டு, மற்ற இடங்களில் பிவிசி பைப்புக்குள் விட்டால் எலியிடமிருந்தும் தப்பும். நெல் சிந்திய டிரெய்லரைக் கொட்டகையில் நிறுத்தினால் எலி வரும். வந்த எலி வயரையும் பார்க்கும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட்டு, ஈயப்பற்று வைத்தோ, அழுத்திப் பொருத்தும் லக் போட்டோ, மேலே சூட்டில் சுருங்கும் குழாயை மாட்டுவதுதான் சரி. டேப் வெயிலில் இளகி, மழையில் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

டிரெய்லரில் வெல்டிங் வேலை இருந்தால் முதலில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். வெல்டிங் எர்த் கிளாம்பைப் பற்ற வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். ஒரு மூலையில் கிளாம்ப், இன்னொரு மூலையில் வெல்டிங் என்று செய்தால் கரன்ட் சக்கர பேரிங் வழியாகப் போய் அதில் பொத்தல் விழும்.

எட்டு டன்னை இரண்டு டன் நிறுத்துமா?

விளக்கு பின்னால் வருகிறவரைக் காப்பாற்றும். பிரேக் முன்னால் இருப்பவரையும் டிரைவரையும் காப்பாற்றும். நம் பக்கத்து டிரெய்லர்களில் எத்தனைக்கு வேலை செய்யும் பிரேக் இருக்கிறது என்று உத்திரமேரூர் சந்தைப் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். பலவற்றில் பிரேக்கே இல்லை. சிலவற்றில் இருக்கிறது, ஆனால் ராடு கழன்று தொங்குகிறது.

நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் ஒரு லோடை எடுத்துக்கொள்ளலாம். 40 கிலோ மூட்டை நூறு என்றால் 4 டன். டிரெய்லர் தன் எடை 2 டன், டிராக்டர் 2 டன். மொத்தம் 8 டன். பிரேக் இருப்பதோ டிராக்டரின் பின்சக்கரங்களில் மட்டும். அந்தச் சக்கரங்கள் ரோட்டைப் பற்றிப் பிடிக்கும் பலம், தோராயமாக டிராக்டர் எடையில் நாற்பது சதவீதம் என்று வைத்தால் 800 கிலோ. எட்டு டன் வண்டியை 800 கிலோ பிடி நிறுத்த வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, டிரைவர் சுதாரிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து வண்டி நிற்க 70 அடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகமென்றால் ஏறத்தாழ 145 அடி. வேகம் ஒன்றரை மடங்கானால் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. டிரெய்லர் சக்கரங்களிலும் நல்ல பிரேக் இருந்தால் இதே 30 கிலோமீட்டரில் 65, 70 அடிக்குள் நிறுத்திவிடலாம்.

இது சமதரைக் கணக்கு. சரிவு வந்தால் நிலைமை வேறு. இருபது அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், அதே பிரேக் இல்லாத டிரெய்லர் 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 120 அடி கேட்கும். பத்து அடிக்கு ஓர் அடி இறங்கினால்? எட்டு டன்னில் பத்தில் ஒரு பங்கு 800 கிலோ. அது பள்ளம் நோக்கித் தள்ளுகிறது. பிரேக்கின் பிடியும் 800 கிலோ. இரண்டும் சமம். பெடலை முழுசாக மிதித்தாலும் வேகம் குறையாது.

அந்த மாதிரி சரிவு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை. காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். பல்லவர் காலத்து வைரமேக தடாகம் என்னும் உத்திரமேரூர் ஏரி தொடங்கி, ஊருக்கு ஊர் ஏரி, ஏரிக்கு ஏரி கரை. கழனியிலிருந்து கரை மேல் ஏறித்தான் ரோட்டைப் பிடிக்க வேண்டும். கரையிலிருந்து இறங்கித்தான் களத்துக்குப் போக வேண்டும். இந்த ஏற்ற இறக்கங்களில் பத்துக்கு ஒன்றைவிடச் செங்குத்தானவை இருக்கின்றன. அதோடு ஆற்றுப் பாலத்தின் இரண்டு பக்கமும் இறங்குசாலை.

"பத்து வருஷமா டிரெய்லர் பிரேக் இல்லாமத்தான் ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலையே" என்பது வழக்கமான பதில். பத்து வருஷமும் அவர் காப்பாற்றப்பட்டது இன்ஜினால். லோ கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இதை அனுபவத்தில் கற்ற பழைய டிரைவர்கள் ஏறிய கியரிலேயே இறங்குவார்கள், நடு இறக்கத்தில் கிளட்சைத் தொட மாட்டார்கள். ஆபத்து எப்போது வருகிறதென்றால் அவர் மகனோ மருமகனோ ஓட்டும்போது. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவார்கள். அந்த மிச்சம் ஒரு டீ காசு கூட இருக்காது. நியூட்ரலில் ஓடத் தொடங்கிய லோடு வண்டியை மறுபடி கியரில் போடுவது சுலபமில்லை.

டிராக்டர் பிரேக் மட்டும் பிடித்து, டிரெய்லர் பிடிக்காவிட்டால் பின்னாலிருக்கும் 6 டன் முன்னாலிருக்கும் 2 டன்னைத் தள்ளும். நேர் ரோட்டில் வெறும் தள்ளல். வளைவில் தள்ளினால் டிராக்டரின் பின்பக்கம் பக்கவாட்டில் ஒதுங்கி, வண்டி மடக்குக் கத்தி போல் ஒடிந்துகொள்ளும். டிராக்டர் இப்படியும் கவிழும்.

இதே விபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. உழவில் முடுக்குத் திரும்புவதற்காக டிராக்டருக்கு வலது, இடது என்று இரண்டு பிரேக் பெடல்கள் தனித்தனியாக இருக்கின்றன. ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியைப் போட வேண்டும். பாதிப் பேர் போடுவதில்லை. லோடோடு போகும்போது அவசரத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் நிற்கும், வண்டி அந்தப் பக்கமே சுழலும். கொக்கி போட்டிருந்தாலும் இரண்டு பெடலும் ஒரே அளவு பிடிக்கிறதா என்று பார்த்து அட்ஜஸ்ட் செய்திருக்க வேண்டும்.

டிரெய்லர் பிரேக்கைப் பார்த்துக்கொள்வது

ஐரோப்பாவில் டிராக்டரிலிருந்து டிரெய்லருக்கு ஏர் பிரேக் அல்லது ஹைட்ராலிக் பிரேக் இணைப்பு போகும். டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிரேக் பிடிக்கும் ஏற்பாடும் உண்டு. அமெரிக்காவில் நடுத்தர டிரெய்லர்களுக்குச் சக்கரத்துக்குள்ளேயே மின்காந்தம் வைத்த எலக்ட்ரிக் பிரேக் பிரபலம். அதனால் அங்கே வயரிங் கோளாறு என்றாலே பிரேக் கோளாறுதான். நம்மிடம் இரண்டு வகைதான் நடைமுறை. ஒன்று, டிரெய்லர் டிராக்டரைத் தள்ளும் வேகத்திலேயே ஏர்க்கால் பின்வாங்கி ராடு வழியாகப் பிரேக்கைப் பிடிக்கும் தள்ளு பிரேக். இன்னொன்று, டிராக்டர் பெடலோடு சேர்ந்து வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக். புதிதாக டிரெய்லர் கட்டுபவர்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்குவதே மேல். தள்ளு பிரேக், வளைவிலும் ரிவர்ஸிலும் தன் புத்தியைக் காட்டும்.

எந்த வகையானாலும் சோதனை ஒன்றுதான். லோடு ஏற்றுவதற்கு முன், சமதரையில் நடக்கும் வேகத்தில் ஓட்டி, பிரேக்கை அழுத்த வேண்டும். டிரெய்லர் பின்னால் இழுப்பது டிரைவருக்கு முதுகில் தெரிய வேண்டும். தள்ளினால் பிரேக் இல்லை. மண் தரையில் செய்தால் சக்கரத் தடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி நிறுத்தியதும் புறங்கையை ஒவ்வொரு டிரம்முக்கும் அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் கொதித்தால் அது விடுபடாமல் உரசிக்கொண்டே வருகிறது. ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது பிடிக்கவே இல்லை. ஹப்பின் சீல் கிழிந்து கிரீஸ் லைனிங்கில் இறங்கியிருந்தாலும் பிடிக்காது. கிரீஸ் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, மாற்றியாக வேண்டும். ஆற்றுத் தண்ணீரிலோ கால்வாயிலோ சக்கரம் மூழ்க வந்திருந்தால், கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடி நாலைந்து தடவை லேசாகப் பிரேக்கை அழுத்தி லைனிங்கை உலர்த்திக்கொண்டுதான் வேகமெடுக்க வேண்டும். மணல் புகுந்த டிரம்மைக் கழற்றித் துடைக்காமல் விட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்ந்துவிடும்.

ஹிட்ச் பின் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கம்பெனி பின் தொலைந்துவிட்டால் கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பித் துண்டைச் சொருகிக்கொள்கிறார்கள். அது துளைக்குள் ஆடும், ஆடி ஆடித் துளையையும் முட்டை வடிவமாக்கும், ஒருநாள் வெட்டுப்பட்டுப் போகும். சரியான அளவுப் பின், அது மேலே எகிறாமல் பிடிக்கும் பூட்டு வளையம், அதோடு டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஒரு தனிச் சங்கிலி. பின் உடைந்தாலும் சங்கிலி ஏர்க்காலைத் தாங்கும். டிரெய்லரை எப்போதும் டிராக்டர் நிறுவனம் குறித்த கீழ் ஹிட்சில்தான் மாட்ட வேண்டும். மேலே, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டி இழுத்தால் கரையேறும்போது முன்சக்கரம் தூக்கி டிராக்டர் பின்னால் மல்லாந்துவிடும். நிறுத்தும்போது கல்லைத் தேடாமல், முக்கோணமாய் அறுத்த இரண்டு முட்டுக்கட்டைகளைக் கயிறு கட்டி வண்டியிலேயே வைத்திருக்கலாம்.

கரும்புத் தோகைக்குப் பின்னால்

வயரிங், பிரேக் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லாமல் போகும் ஓர் இடம் உண்டு. கரும்பும் வைக்கோலும் டிரெய்லரின் பின்கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டு, எரியும் விளக்கைத் தோகையால் மூடிவிடும். இதற்கு வழி, விளக்குகளையும் சிவப்புப் பிரதிபலிப்பானையும் ஒரு பலகையில் பொருத்தி, நீள கேபிளோடு, லோடின் கடைசி முனையில் கட்டித் தொங்கவிடுவது. பட்டறையில் ஒரு நாள் வேலை. அதுவும் முடியாதென்றால் ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தகரத்தையாவது பின்னால் கட்ட வேண்டும். பிரதிபலிப்பானுக்குக் கரன்ட்டும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம். தூசியைத் துடைத்தால் போதும். இந்தச் சாலையின் தூசிக்கு அதைத் தினமும் துடைக்க வேண்டும். வழியில் பஞ்சராகி நின்றுவிட்டால் இலைதழையை ஒடித்துப் போடுவது பகலுக்குச் சரி. இரவில் இலை தெரியாது.

இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் பலரும் கேட்பது இன்சூரன்ஸ் பற்றி. டிராக்டருக்கு இருக்கிறது, டிரெய்லருக்கும் அதுவே போதாதா என்று. போதாது. டிரெய்லரும் பதிவு செய்யப்பட்டு, பாலிசியில் அதுவும் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். விவசாயத்துக்கென்று பதிவு செய்த வண்டியில் வாடகைக்கு எம்-சாண்ட் ஏற்றிப் போய் விபத்தானால், பணம் தர மறுப்பதற்குக் கம்பெனிக்கு வழி கிடைத்துவிடும். நெல் மூட்டை மேல் கூலியாட்களை உட்கார வைத்து வருவதும் அப்படித்தான். இந்தப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் பெண்கள் டிரெய்லரில் போய் வருவது பழகிப்போன காட்சி. ஒரு ஷேர் ஆட்டோ பேசி அனுப்புவது செலவுதான் என்றாலும் அந்தச் செலவைச் செய்யலாம்.

ஒரு வண்டியைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மாலையில் டிரெய்லரின் பின்பக்கத்தை வெள்ளைச் சுவரைப் பார்த்து நிறுத்தினால், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே பார்க் லைட், இரண்டு இண்டிகேட்டர், பிரேக் லைட் நான்கையும் சுவரில் விழும் சிவப்பையும் மஞ்சளையும் வைத்துத் தெரிந்துகொள்ளலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பின்னால் நிற்க வைத்துக் கேட்டாலும் சரி. "அப்பா, இந்தப் பக்கம் எரியல" என்று அவன் சொல்லிவிடுவான்.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருள்வார். திருமுக்கூடலிலும் சுற்றூர்ப் பெருமாள்கள் கூடும் விழா. அன்று இந்தப் பாலத்தில் நடந்து போகும் கூட்டம் ஆயிரக்கணக்கில் இருக்கும். டிராக்டருக்கும் அன்றுதான் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சீரியல் விளக்கு கட்டுவார்கள். அந்த விளக்குக்குக் கரன்ட், டிரெய்லர் வயரை ஊசியால் குத்தி எடுக்கப்படுகிறது. விளக்கை அவிழ்த்த பிறகும் அந்தத் துளைகள் இருக்கும். மழையில் அங்கேதான் களிம்பு முதலில் ஏறும். பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்துத் தனி வயர் இழுத்து அலங்கார விளக்கைக் கட்டிக்கொண்டால், மறுநாள் லோடு ஏற்றும்போது பின்விளக்கைத் தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே குத்தி வைத்திருப்பவர்கள், அந்த இடத்தை அறுத்து, ஈயப்பற்று வைத்து மூடிவிட்டு அடுத்த லோடு கிளப்பலாம்.